கேள்வி ஞானமும் வாத்தியக் குழுவும்

ஏலகிரி மலையிலிருந்து நல்ல கச்சேரி ஒன்றைக் கேட்கப் புறப்படுகிறவர் முதலில் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும். பிறகு ஜோலார்பேட்டைச் சந்திப்பில் புகைவண்டி ஏறி, 200 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவு சென்றால் சென்னை. கச்சேரி முடிந்து மலைக்குத் திரும்ப மறுநாள் ஆகிவிடும். உலகத்துச் சங்கீதம் முழுவதும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றபோது இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்று என்னிடம் வாத்தியம் பயிலும் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தனியே ஒரு வாத்தியத்தை வாசிக்க விரும்புகிறவருக்கு ஒலிப்பதிவு பெரும் துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் பலரோடு சேர்ந்து குழுவில் வாசிக்க விரும்புகிறவருக்கு அது பாதிப் பாடத்தையே தருகின்றது. மற்றப் பாதியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

திரைப்படப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயலினும் குழலும் தபேலாவும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஒலிக்கின்றன. ஆனால் அவற்றை வாசித்தவர்கள் இக்காலத்தில் பெரும்பாலும் ஓரிடத்தில் கூடுவதே இல்லை. ஒருவர் காலையில் வாசித்துவிட்டுப் போயிருப்பார். மற்றவர் வேறொரு நாளில், வேறோர் ஊரில் வாசித்திருப்பார். காதில் மாட்டிய கருவியில் விழும் தாளத் தட்டு ஒன்றே அவர்களை இணைக்கின்றது. பின்னர் ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கூட்டியும் குறைத்தும் பொருத்துகின்றார். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அதுவும் ஒரு கலைதான். ஆனால் ஒருவர் சற்றே தடுமாறினால் அடுத்தவர் எப்படித் தாங்கிக்கொள்கின்றார் என்பதை அந்தப் பதிவு உங்களுக்கு ஒருநாளும் காட்டாது.

மலைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் கல்யாண ஊர்வலங்களுக்குச் செல்லும் பாண்டு வாத்தியக் குழுவில் பக்க முரசு வாசித்து வந்தான். கைவேகம் மிக்கவன். அந்த வேகமே அவனுக்குப் பகையாயிற்று. பாட்டு தொடங்கிய இடத்தில் இருந்த காலப்பிரமாணம் தெருமுனைக்குச் செல்வதற்குள் ஒன்றரை மடங்காகிவிடும். டிரம்பெட் வாசிப்பவர்கள் மூச்சு வாங்க இடமின்றித் திணறுவார்கள். அடுத்த முகூர்த்த மாதத்திற்குள் இது சீர்ப்படாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அந்த வருமானத்தில்தான் அவனுடைய கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டு வந்தது. அவன் கைப்பேசியில் கேளாத முரசு வாசிப்பு இல்லை. அதனால் பயன் ஏதும் விளையவில்லை. மலையடிவாரத்துக் கோயில் திருவிழா ஒன்றிற்கு அவனை அழைத்துச் சென்று, தவில் வித்துவானுக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் நிற்கவைத்தேன். விடியற்காலையில் அவன் சொன்னது இதுதான்: “ஐயா, அவர் தம் கையைப் பார்க்கவே இல்லை. நாகசுரக்காரர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.” மூச்சு எப்போது எடுக்கப்படுகின்றது என்பதைத் தவில்காரர் கண்ணால் கண்டு, அதற்கு இடம் விட்டு வாசித்தார். மறுவாரமே அவன் டிரம்பெட்காரர்களின் முகம் தெரியும்படித் தன் நிற்குமிடத்தை மாற்றிக்கொண்டான். இன்றும் அந்தக் குழுவில்தான் இருக்கின்றான்.

கர்நாடக இசைக் கச்சேரியிலும் கண்ணுக்கு இத்தகைய பாடங்கள் நிறைய உண்டு. பாடகர் கற்பனையாக ராகத்தை விரித்துக்கொண்டு போகும்போது, வயலின்காரருக்கு அடுத்த பிடி என்னவென்று முன்கூட்டித் தெரியாது. நிழல்போல ஒரு நொடி பின்னால் வந்துகொண்டே இருப்பார்; பாடகர் நிறுத்தியதும் கடைசிப் பிடியை மெல்லத் தொட்டு நிறைவு செய்வார். தனி ஆவர்த்தனத்தின்போதோ பாடகர் கையில் தாளம் போட்டுக்கொண்டு மிருதங்கக்காரரையே கவனித்திருப்பார். பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. அரை எண்ணிக்கையோ அதற்கு மேலோ தள்ளியும் தொடங்கலாம். அந்த இடத்திற்கு எடுப்பு என்று பெயர். மிருதங்கக்காரர் தம் கோர்வையை மும்முறை வாசித்து, மிகச் சரியாக அந்த எடுப்பில் கொண்டுவந்து சேர்க்க, பாடகர் பல்லவியை எடுக்கின்றார். சபையில் இருப்பவர்களும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் போடுங்கள்; வெட்கப்பட வேண்டியதில்லை. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையைத் தனி ஆவர்த்தனம் முடியும்வரை தவறவிடாமல் போட்டுப் பார்த்தவருக்கு, குழுவில் தாளம் காப்பது எவ்வளவு கடினம் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தோலைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பகுதியிலிருந்து ஒருவன் பேசுவது எப்படி? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று எங்கள் ஊர்களெல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஆயினும் அங்கே பதனிட்ட தோல் முழவுக்கு உதவாது. உலர்ந்த பிறகும் விறைக்காமல் வளைந்து கொடுக்க வேண்டும், அழுகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தோலைப் பதனிடுகின்றார்கள். முழவின் தோலோ விறைத்து, இழுத்த இழுப்பில் நிற்க வேண்டும். எனவே அதற்குப் பதனிடாத தோலே ஏற்றது. அந்தத் தோல் காற்றின் ஈரத்தை வாங்கித் தளரும். பறையைத் தீயில் காய்ச்சுவதும், மிருதங்கத்தின் ஓரத்தைச் சிறு கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி கூட்டுவதும் இதனால்தான். இரு பாட்டுகளுக்கு நடுவில் நிகழும் இந்த வேலையை ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடுகின்றார்கள். வாத்தியம் பயில்வோர் கண் திறந்து பார்க்க வேண்டிய நேரமோ அதுவே. பித்தளை வாத்தியங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஏலகிரியின் மார்கழிக் குளிரில் டிரம்பெட்டின் சுருதி இறங்கி நிற்கும். ஊதி ஊதிச் சூடேறிய பின்னர் மேலே ஏறும். அனுபவமுள்ள குழுவினர் நிகழ்ச்சிக்கு முன் ஏன் ஒதுங்கி நின்று ஊதிக்கொண்டிருக்கின்றார்கள் என்பது இப்போது விளங்கும்.

நேரில் கேட்ட பாண்டு இசை நம் சங்கீதத்தையே வளப்படுத்திய வரலாறு ஒன்று உண்டு. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடிப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பு, முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தினர் சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தார்கள். கோட்டையில் ஐரோப்பியர் வாசித்த பாண்டு இசையைச் சகோதரர்கள் நேரில் கேட்டனர். அந்த மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் இயற்றினார், அவையே நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டுக்கூட அவற்றுள் ஒன்றாக இருக்கின்றது. தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது.

கத்ரி கோபால்நாத் அவர்களின் கதையும் இதைப் போன்றதே. நாகசுர வித்துவானின் மகனாக 1949-இல் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் ஒருமுறை சாக்ஸபோன் ஒலிக்கக் கேட்டார். அதில் கர்நாடக இசையை வாசித்தே தீருவது என்று உறுதி பூண்டார். சாவிகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியத்தில் கமகம் வருவது எளிதன்று. வாத்தியத்தையே சற்று மாற்றி அமைத்து, பல ஆண்டுகள் உழைத்தார். 1994-இல் லண்டனில் பி.பி.சி.யின் புகழ்பெற்ற பிராமனேடு இசைவிழாவில் அவர் வாசித்தார். 2019-இல் மறைந்தார். மங்களூரிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை எங்கள் மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றது. அந்த வாத்தியப் பெட்டி எத்தனை முறை ஜோலார்பேட்டையைக் கடந்து போயிருக்குமோ!

எல்லாக் கச்சேரிக்கும் பணம் வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். டிசம்பரில் சென்னைச் சபைகள் பலவற்றில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இளைஞர்கள் வாசிக்கும் மேடை அது. உங்களுக்கு அதுவே பொருத்தமானது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடுவதை ஒருமுறையேனும் கேளுங்கள். பழைய இசையோடு நின்றுவிடவும் வேண்டாம். பா. ரஞ்சித் அவர்களின் முயற்சியால், டென்மா அவர்களின் இசையமைப்பில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, கானாவும் பறையும் கிதாரும் ஒன்றாக ஒலித்தன. அதில் பாடிய அறிவு எங்கள் இருப்புப்பாதையில் உள்ள அரக்கோணத்தைச் சேர்ந்தவர். பறையின் ஓங்கிய ஒலியில் கிதார் மூழ்கிவிடாமல் காப்பது எப்படி என்பதை அறிய விரும்பும் மாணவர் இத்தகைய மேடைகளுக்கு அருகில் நிற்கலாம்.

போனபின் செய்ய வேண்டியது அதிகமில்லை. உங்கள் வாத்தியம் எதுவோ அதை வாசிப்பவரின் முகமும் கையும் தெரியும் இடத்தில் அமருங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். படம் பிடித்துக்கொண்டிருப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எதையும் பார்ப்பதில்லை. உங்கள் வாத்தியம் வாசிக்காமல் இருக்கும் நேரத்தைச் சிறப்பாகக் கவனியுங்கள். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர் சும்மா இருக்கத் தெரியாமல்தான் பெரும்பாலும் குழுவைக் கெடுக்கின்றார்.

கச்சேரி முடிந்ததும் வித்துவானை அணுகிப் பேசத் தயங்காதீர்கள். ஆனால் “இவ்வளவு பெரிய கலைஞராக எப்படி ஆனீர்கள்?” என்று கேட்டால் அவர் புன்னகை செய்துவிட்டுப் போய்விடுவார். “இரண்டாவது பாட்டு முடிந்ததும் சீவாளியை ஏன் மாற்றினீர்கள், ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியைத் திறந்து, கோத்து வைத்திருக்கும் சீவாளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டத் தொடங்கிவிடுவார்.