சிறைவாசலில் நிற்பது யார்?



மறைந்த நம் மூத்த தோழரின் நினைவுரைக்கு இம்முறை சங்கடமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். போதையிலும் சிறையிலும் ஆண்டுகளை இழந்த ஒருவர் தம் வாழ்வை எப்படி மீண்டும் கட்டுகிறார் என்பதே அது. நம் தெருவில் ஒருவர் கைதானால் கண்டன அறிக்கை எழுதுகிறோம், பிணைக்கு அலைகிறோம், வழக்கு நிதி திரட்டுகிறோம். அவர் வெளியே வரும் நாளில் நாம் எங்கே இருக்கிறோம்? எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் விடுதலையானபோது எங்களில் ஒருவரும் வாசலில் இல்லை. தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. பழைய கூட்டாளிகள் மட்டும் மறக்காமல் வந்திருந்தார்கள். நான்கு மாதத்தில் அவர் மீண்டும் உள்ளே போனார். அந்தத் தவறிலிருந்தே இந்த உரையைத் தொடங்குகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள மால்கம் எக்ஸின் வாழ்க்கையை மறுபடி படித்தோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அயலானதல்ல. 1946இல் அம்பேத்கர் அவர்களின் அறிஞரான டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. அம்பேத்கர் அந்தக் கடிதத்தை எழுதிய அதே ஆண்டில்தான், மால்கம் லிட்டில் என்ற 20 வயது இளைஞருக்கு வீடு புகுந்து திருடிய வழக்கில் 8 முதல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. திருட்டுக் கைக்கடிகாரம் ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்த கடையில் அவர் பிடிபட்டார்.

அதற்கு முன் நடந்ததையும் பார்க்க வேண்டும். அவருக்கு 6 வயதில் தந்தை இறந்தார். வெள்ளை வெறியர்கள் கொன்றதாகவே குடும்பம் நம்பியது. பின்னர்த் தாயை மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள், பிள்ளைகள் சிதறடிக்கப்பட்டார்கள். நன்றாகப் படித்த அந்தச் சிறுவன் வழக்கறிஞராக வேண்டும் என்றபோது, உன் இனத்துக்கு அது ஒத்துவராது, தச்சு வேலை பார் என்று ஆசிரியர் சொன்னார். இந்த வாக்கியம் நம்மில் எத்தனை பேருக்குப் பழக்கமானது!

சிறைக்குப் போனால் போதை தெளிந்துவிடும் என்பார்கள். மால்கமின் தன்வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. சார்லஸ்டவுன் சிறையில் முதலில் ஜாதிக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துப் போதை ஏற்றினார். கையில் காசு வந்ததும் காவலர்களிடமே போதைப்பொருள் வாங்கினார். பூட்டிய கதவு உடலைத்தான் அடைத்தது.

அவரை மாற்றியவை எவை? பெம்பிரி என்ற மூத்த கைதி, உனக்கு மூளை இருக்கிறது, நூலகத்தைப் பயன்படுத்து என்றார். உடன்பிறந்தவர்கள் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. அக்கா முயன்று, 1948இல் நல்ல நூலகம் கொண்ட நார்ஃபோக் சிறைக்கு அவரை மாற்ற வைத்தார். அங்கே அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் எழுதத் தொடங்கினார். விளக்கணைத்த பிறகு தாழ்வாரத்து வெளிச்சத்தில் படித்தார். வாதமேடையில் பேசிப் பழகினார். 1952 ஆகஸ்டில் நிபந்தனையுடன் விடுதலையானபோது அண்ணன் மூலம் டெட்ராய்ட்டில் ஒரு ஃபர்னிச்சர் கடை வேலை காத்திருந்தது. முதல் இரவு தங்க அக்கா வீடு இருந்தது. வெளியே வந்ததும் அவர் வாங்கியவை மூன்று: மூக்குக்கண்ணாடி, பெட்டி, கைக்கடிகாரம்.

இந்தக் கதையைத் தனிமனித மனவுறுதியின் வெற்றியாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். மனவுறுதி இல்லாமல் அகராதியை எழுத முடியாது, உண்மைதான். ஆனால் மூத்தவரின் ஒரு சொல், விடாமல் வந்த கடிதங்கள், நூலகம், தங்க வீடு, செய்ய வேலை என்ற ஐந்தும் அந்த உறுதிக்குத் தரையாக இருந்தன. தரையே இல்லாதவரிடம் உறுதியாக நில் என்று சொல்வது உபதேசம், உதவி ஆகாது.

பின்னாளில் மால்கம் சேர்ந்திருந்த அமைப்பு ஹார்லெமில் போதை அடிமைகளை மீட்ட முறையையும் அவர் விவரிக்கிறார். முன்பு அடிமையாக இருந்து மீண்டவரே பழைய நண்பரைத் தேடிப் போவார். தான் அடிமை என்பதை அவர் ஒப்புக்கொள்ளும் வரை பொறுமையாகப் பேசுவார். எதனால் போதைக்குப் போனோம் என்பதை, வெள்ளையர் உலகம் தந்த இழிவோடு சேர்த்து விளக்குவார். விட வழி இருக்கிறது என்று காட்டுவார். சிதைந்த தன்மதிப்பைக் கட்டுவார். நிறுத்தும் நாட்களில் தோழர்கள் இரவு பகலாக முறை வைத்து அருகில் இருப்பார்கள். மீண்டவர் அடுத்தவரைத் தேடிப் போவார். 1964இல் மால்கம் அந்த அமைப்பை விட்டு விலகினார், போதைக்குத் திரும்பவில்லை.

இதில் ஒன்றை மட்டும் நாம் அப்படியே எடுக்கக் கூடாது. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் துணை கட்டாயம் வேண்டும். குடிநோயாளி ஒருவர் கைதானால் வழக்கறிஞர் வழியாக முதல் நாளே சிறை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அபின் வகைப் போதையில் ஆபத்து விடுதலைக்குப் பின் வருகிறது. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவே கொன்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் மரண ஆபத்து மற்றவர்களைவிட 12.7 மடங்கு, மிகைப்போதையால் சாகும் ஆபத்து 129 மடங்கு. அந்த 14 நாட்கள்தான் நாம் உடனிருக்க வேண்டிய நாட்கள்.

நம் ஊரில் நிலைமை என்ன? 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம். சிறையை நடத்துவதும் அரசு. இடையில் நசுங்குவது பெரும்பாலும் அன்றாடக் கூலிகளின் வீடு. சிறைக்குள்ளும் சாதி விடவில்லை. சமையல் ஒரு சாதிக்கு, துப்புரவு ஒரு சாதிக்கு என்று பிரித்த சிறை விதிகள் செல்லாது என்றும், பதிவேட்டில் சாதிப் பத்தியை நீக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3 அன்றுதான். உள்ளே துடைப்பத்தைக் கொடுத்து, வெளியே வந்ததும் 'கேஸ் இருக்கா?' என்று கேட்டு வேலை மறுக்கும் சமூகத்தில், விடுதலைத் தாள் மட்டும் விடுதலை தராது.

சட்டத்தில் சில வாசல்கள் திறந்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் காவலில் இருப்பவர்களும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய அடிமை தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கம் சார்ந்த நிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே சிகிச்சை உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல. கட்டிவைத்து அடிக்கும் 'மறுவாழ்வு' இல்லங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சொற்களையும் மாற்ற வேண்டும். 'குடிகாரன்', 'ஜெயிலுக்குப் போனவன்' என்று நம் தெருவே கூப்பிடுகிறது. அடிமைத்தனம் தந்த குடும்பப்பெயரைக் கழித்து எக்ஸ் என்று எழுதியவரைக் கொண்டாடும் நாம், நம் தம்பியை அவன் பெயர் சொல்லி அழைக்கலாம். திருந்திய கதையைச் சொல் என்று அவனை மேடையேற்றவும் வேண்டாம். சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு.

இந்தக் கூட்டத்தில் நாங்கள் முன்வைப்பது சிறிய வேலைதான். ஒரு பதிவேடு. நம் பகுதியிலிருந்து சிறையில் இருப்பவர்களின் பெயர், விடுதலை தேதி, வாசலுக்குப் போகும் இருவர், முதல் இரவு தங்கும் வீடு, ஆதார், ரேஷன் அட்டையைச் சரிசெய்ய ஒருவர், வேலை தேட ஒருவர், 14 நாட்கள் முறை வைத்து உடனிருப்பவர்கள். மீண்டு வந்தவர்களே இதை வழிநடத்தட்டும். மற்றவர்கள் அவர்கள் சொல்வதைச் செய்வோம்.

பதிவேடு கூடத்தின் பின்மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அடுத்த மாதத் தேதி ஒன்று எழுதியிருக்கிறது. அதற்கு நேரே உள்ள இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள்.