நீர்நிலைப் பெயர்களில் பொதுமையும் சிறப்பும்

நீர்நிலை என்பது பொதுச்சொல். ஏரி, குளம், கண்மாய், ஊருணி, சுனை, தாங்கல் முதலியன அதன் வகைகளைச் சுட்டும் சிறப்புச் சொற்கள். நிகண்டுகள் இவற்றுட் பலவற்றை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கிச் செல்கின்றன. செய்யுள் இயற்றுவார்க்கு அது போதும். அகராதி தொகுப்பார்க்குப் போதாது.

வழக்கில் இச்சொற்களைப் பெரிதும் பிரிப்பது பரப்பளவு அன்று. பயனும் அமைப்புமே ஆகும். ஊருணி ஊரார் உண்ணும் நீருக்குரியது. சுனை மலைப்பாறையிடையே இயல்பாக ஊறுவது. ஏரிக்குக் கரையும் மதகும் கலிங்கும் உண்டு. அதன் நீரை நம்பிய வயல்களும் உண்டு. தாங்கல், ஏந்தல் என்பன நீரைத் தாங்குதல், ஏந்துதல் என்னும் வினைகளிலிருந்தே பிறந்தவை.

எது பொது, எது சிறப்பு என்பதோ வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. பாசன நீர்நிலைக்குத் தமிழகத்தின் வடபகுதியில் ஏரி, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் கண்மாய், திருநெல்வேலியிலும் ஈழத்து வன்னியிலும் குளம் என்பன வழங்கும். சென்னையார்க்குக் குளம் என்றால் கோயிற் குளமோ ஊர்ப்புறத்துச் சிறு நீர்நிலையோதான்.

இதனை அறிய இடப்பெயர்களே தக்க சான்று. வேடந்தாங்கல் ஏரி, இரணைமடுக் குளம், மட்டக்களப்பு வாவி ஆகிய மூன்றனையும் நோக்குக. தாங்கல், மடு, களப்பு என ஒவ்வொன்றிலும் நீர்நிலையைக் குறிக்கும் சொல் முன்னரே உள்ளது. அது ஊர்ப்பெயருள் உறைந்து பொருள் மங்கியபின், அவ்வட்டாரத்தில் உயிர்ப்புடன் வழங்கும் வகைச்சொல் மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே இறுதியில் நிற்கும் சொல்லே அந்நிலத்தாரின் பகுப்பைக் காட்டுகிறது எனலாம்.

இவற்றுள் வாவியின் வரலாறு தனிச்சுவை உடையது. வடமொழி வாபி என்பதன் வழிவந்த சொல் இது. அதே மூலத்தினின்று சிங்களத்தில் அமைந்த ‘வெவ’ பாசனக் குளத்தைக் குறிக்க, மட்டக்களப்புத் தமிழில் வாவி கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பைக் குறிக்கிறது. அங்கும் வயலுக்கு நீர் தருவது குளமே.

புலம்பெயர் நாடுகளில் தமிழ் கற்கும் சிறார் இச்சொற்களை அந்நாட்டு மொழிகளின் வழியே அறிகின்றனர். பெரியது ஏரி, சிறியது குளம் என்னும் அளவுப் பகுப்பு அவ்வழியே எளிதில் நுழைகிறது. ஜெனீவா ஏரி என எழுதுவது நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்ற வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வளவுகோலைக் கொண்டு ஈழத்து நூலொன்றைப் படிக்கும் மாணவர், கிளிநொச்சி வயல்களை விளைவிக்கும் இரணைமடுவைச் சிறு குட்டையாகவே எண்ணுவர். அயல்நாட்டுத் தமிழ்ப் பாடநூல்களின் சொற்பட்டியலில் குளம் என்னும் சொல்லுக்கு வட்டாரமும் பயனும் குறித்த இரு பொருள்களைத் தனித்தனியே தருதல் வேண்டும்.