மல்லி, புதினா போட்டால் கீரை சாப்பிட்டது ஆகுமா?



சென்ற மாதம் பெண்கள் பயான் முடிந்ததும் ஒரு சகோதரி கேட்டார்: "நம்ம வீட்டு ஆணம், பிரியாணி, நோன்புக் கஞ்சி எல்லாத்துலயும் மல்லியும் புதினாவும் கட்டுக் கட்டாப் போடுறோம். அதுக்கு மேல தனியா வேற கீரை ஆக்கணுமா?" அங்கிருந்த பலரும் தலையசைத்தார்கள். நியாயமான கேள்விதான். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று நினைத்தோம். காரணம், அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களுடன் இணைந்த சீட்டுகளில், கர்ப்பிணிகளுக்கும் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கும் 'இரத்தக் குறைவு' என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நம்மிடம் மட்டும் உள்ள குறையல்ல இது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது.

கீரை வேறு, மணத்துக்குப் போடும் தழை வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அரபியில் இரண்டையும் 'பக்ல்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில், பனூ இஸ்ராயீல் மக்கள் பூமியில் விளைவனவற்றில் இன்னின்னது வேண்டும் என்று மூஸா நபி (அலை) அவர்களிடம் கேட்ட பட்டியலில் முதலில் நிற்பது இந்த பக்ல்தான். அதற்கு விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிர்களில் சிலர் புதினாவையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். (அங்கே கண்டிக்கப்பட்டது கீரை அல்ல, மன்னு ஸல்வாவை அவர்கள் அலட்சியப்படுத்தியதுதான்.) சொல்லளவில் பார்த்தால் அந்தச் சகோதரி சொன்னது சரி. தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புதிதாக வெளியிட்டது. அதன்படி 100 கிராம் புதினாவில் ஏறக்குறைய எட்டரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. மல்லித்தழையில் ஐந்துக்குச் சற்று மேல். முருங்கைக்கீரையில் நாலரை, பாலக்கில் மூன்று. சுண்ணாம்புச்சத்தில் கறிவேப்பிலை 650 மில்லிகிராமைத் தொடுகிறது, முருங்கைக்கீரை 300க்குச் சற்று மேல் நிற்கிறது. அதே அளவு பாலில் 120 மில்லிகிராம்தான். எடைக்கு எடை வைத்தால் மணத்தழைகள் கீரைக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றில் முந்தியும் நிற்கின்றன.

ஆனால் யாரும் 100 கிராம் புதினாவை ஒரு வேளையில் சாப்பிடுவதில்லை. ஆறு பேருக்கான பிரியாணியை எடுத்துக்கொள்வோம். மல்லியும் புதினாவும் ஆய்ந்தபின் சேர்த்து 60 கிராம் போடுகிறோம் என்று வையுங்கள். ஆளுக்கு 10 கிராம் வரும். அதில் கிடைக்கும் இரும்பு முக்கால் மில்லிகிராமைத் தாண்டாது, சுண்ணாம்பு 20 மில்லிகிராம்கூட இருக்காது. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரும்பு 29 மில்லிகிராம், சுண்ணாம்பு 1000 மில்லிகிராம். தாளிதத்தில் போடும் கறிவேப்பிலை ஓர் ஈர்க்கில் இரண்டு கிராம் இலை இருந்தால் அதிகம். அதையும் நாம் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம்.

முருங்கைக்கீரை அப்படியல்ல. ஆய்ந்த இலை நான்கைந்து கைப்பிடி எடுத்தால் 100 கிராம், வெந்தால் ஒரு சிறு கிண்ணம். ஒருவர் சிரமமின்றிச் சாப்பிட்டுவிடலாம். அந்த ஒரு கிண்ணத்தில் ஒரு நாளைக்குத் தேவையான சுண்ணாம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடம்பில் மாறும் சத்தும், கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட்டும் கீரையில் உண்டு. ஆகவே மல்லி, புதினா போட்ட நாளிலும் கீரை ஆக்கத்தான் வேண்டும்.

மணத்தழையைக் கைப்பிடிக் கணக்கில் சாப்பிட நம்மிடமே வழி இருக்கிறது, துவையல். 100 கிராம் புதினாவை ஆய்ந்து நான்கு பேருக்கு அரைத்தால் ஆளுக்கு 25 கிராம் ஆகிறது. இரண்டு மில்லிகிராம் இரும்பு அதில் கிடைக்கும். கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்து நல்லெண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைந்தால், ஓரத்தில் ஒதுக்கிய இலை வயிற்றுக்குள் போய்விடும். கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமிருந்து விடியும் முன்னே ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறும் பெண்களுக்கும் இந்தத் துவையலும் பொடியும்தான் தோது. காலையில் கட்டிய கீரைக்கூட்டு மதியம்வரை நிற்காது என்று அவர்கள் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தண்டுக்கீரையில் 25 மில்லிகிராம் இரும்பு உண்டு என்று வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய்யாக ஜோடித்த எண் அல்ல, பழைய அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. 2017 அட்டவணையில் அது ஐந்துக்குள் இறங்கிவிட்டது. இலையில் ஒட்டியிருக்கும் மண்ணிலும் இரும்பு உண்டு. சரியாகக் கழுவாத கீரையைச் சோதித்தால் அதுவும் சேர்ந்து எண்ணைப் பெரிதாக்கிவிடும். இதைப் படித்துவிட்டுக் கீரையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. எண் குறைந்தாலும் கீரை நல்ல உணவுதான். அது மருந்து ஆகாது, அவ்வளவே.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறோம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "முருங்கைக்கீரை சாப்பிடுறேன், அது போதும்" என்று சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்குத் தரப்படும் அந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அவ்வளவு இரும்பு வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் முருங்கைக்கீரை தின்ன வேண்டும். மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், சிலருக்குக் குமட்டும். கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். குமட்டினால் நிறுத்திவிடாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள், எப்போது எப்படிப் போடலாம் என்று மாற்றித் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. அப்படியும் நோன்பு வைக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையை இரவில் போடலாம். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் அது இரத்தசோகை. இந்த எண்ணை வீட்டு ஆண்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் அத்தாவோ அண்ணனோ கணவரோதானே.

கீரையில் இருக்கும் இரும்பிலும் சிறு பகுதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டுவதும் கெடுப்பதும் கூடவே நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எலுமிச்சை, நெல்லி போன்றவற்றின் வைட்டமின் சி உதவும். அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழிந்தால்தான் பலன், கொதிக்கவிட்டால் வீணாகும். இறைச்சியும் அப்படியே. கறியில் உள்ள இரும்பு எளிதில் சேர்வதோடு, அதே வேளையில் சாப்பிடும் கீரையின் இரும்பையும் உடம்பில் சேர்த்துவிடுகிறது. நம் வீடுகளிலோ கறி எடுக்கும் நாளில் கீரை எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கறி ஆணத்தோடு ஒரு கீரைப் பொரியல் இருந்தால், அந்தக் கீரை வேறெந்த நாளையும்விட அன்றுதான் அதிகம் பலன் தரும்.

கெடுப்பதில் முதலிடம் தேயிலைக்கு. சாப்பிட்ட கை காயும் முன்னே டீ குடிக்கும் வழக்கம் நம் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறது. டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை டீயோடு விழுங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கீரையை நறுக்கும் முன்பே கழுவ வேண்டும், வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, ஒரு கரண்டி எண்ணெயாவது சேர வேண்டும். இவை பலருக்கும் தெரிந்ததுதான். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் பாலக், தண்டுக்கீரை இரண்டையும் குறைத்துக்கொள்வது நல்லது, ஆக்ஸலேட் அவற்றில் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரக நோயாளிகளும் கீரையை திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கீரைக்காகத் தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது, வீடு வந்து சேரும்போது வாடிவிடுகிறது என்று வருசநாடு, கடமலைக்குண்டு பக்கத்துச் சகோதரிகள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் முருங்கைக்கு யாரும் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. நாடெங்கும் பெயர் பெற்ற பி.கே.எம்.-1 செடிமுருங்கை, நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989இல் வெளிவந்த ரகம்தான். பெயரிலுள்ள மூன்றெழுத்தும் பெரியகுளத்தைக் குறிப்பவை. விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும், அதற்கு முன்பே கீரை ஒடிக்கலாம். வளர்ந்ததை இடுப்பளவில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். இடமில்லாத வீட்டில் புதினா போதும். ஆய்ந்து முடித்த காம்பைக் குப்பையில் போடாமல் ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும். தனியாவை இரண்டாகத் தேய்த்துத் தூவினால் ஒரு மாதத்துக்குள் மல்லித்தழை கிள்ளலாம்.

செடிமுருங்கை விதை வேண்டுவோர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் பதியலாம். இன்ஷா அல்லாஹ், மழைக்கு முன் வீட்டுக்கு ஐந்து விதை வீதம் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். பெண்கள் நேரில் வர இயலாவிட்டால் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் போதும்.