நிச்சயதார்த்த மோதிரத்துக்குச் சதுர வைரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியது என்ன?

பிரேசர் டவுனில் சம்பந்தம் பேசி முடித்த வீட்டார் வைரம் பார்க்க நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. கமர்ஷியல் தெருவும் ஜுவல்லர்ஸ் தெருவும் பக்கத்திலேயே இருக்கின்றன. எந்தக் கல்லை வாங்குவது என்பதில்தான் சங்கடம்.

1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பிறகு, 'தண்டு' என்று தமிழர்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியின் நெரிசலைக் குறைக்க உருவானது பிரேசர் டவுன். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்று புலிகேசி நகர் என்ற பெயர் இருந்தாலும், மக்கள் வாயில் பிரேசர் டவுன் என்பதே நிலைத்துவிட்டது.

இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் மோதிரம் மாற்றுவது பழைய வழக்கம். மற்ற வீடுகளில் வைரம் என்றால் ஏழு கல் தோடும் மூக்குத்தியும்தான். இப்போது அந்த வீடுகளிலும் நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். கடைக்குப் போனால் வட்டக் கல்லுக்குப் பக்கத்தில் பளிச்சென்று சதுரக் கல் ஒன்றையும் எடுத்து வைக்கிறார்கள். அதுதான் 'பிரின்சஸ் கட்'.

தோடும் மூக்குத்தியும் வாங்கிப் பழகிய பெரியவர்களுக்கு வட்டக் கல்லைப் பார்க்கத் தெரியும். சதுரக் கல்லின் கணக்கு வேறு. சில ஆண்டுச் சேமிப்பை ஒரே கல்லில் போடும் நடுத்தரக் குடும்பங்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சதுரம் வந்த கதை

பிரின்சஸ் கட் புராதனமானதல்ல. வட்ட வைரத்தின் அளவுகளை மார்சல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வெளியிட்டது 1919-ல். அந்த ஜொலிப்பைச் சதுரக் கல்லிலும் கொண்டுவரப் பலர் முயன்றனர். இன்றைய சதுர வடிவம் உருவானது 1980-ஐ ஒட்டித்தான். பெட்சலெல் அம்பார், இஸ்ரேல் இட்ஸ்கோவிட்ஸ் ஆகிய இருவருக்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு.

சுரங்கத்தில் கிடைக்கும் நல்ல வைரக் கல், இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டவைத்தது போல் எட்டு முகத்துடன் இருக்கும். அதை வட்டமாகத் தீட்டினால் ஏறக்குறையப் பாதி எடை தூளாகிப் போகும். சதுரமாகத் தீட்டினால் சேதாரம் மிகவும் குறைவு. அதனால்தான் ஒரே தரம், ஒரே எடையுள்ள கற்களில் சதுரக் கல் பெரும்பாலும் வட்டக் கல்லைவிட விலை குறைவாகக் கிடைக்கிறது. இது வாங்குவோருக்கு லாபம். ஆனால் எடையைக் காப்பாற்றும் ஆசையில் கல்லை அளவுக்கு மீறி ஆழமாக விட்டுவிடுவதும் உண்டு. அது வாங்குவோருக்கு நஷ்டம்.

எடை வேறு, முகம் வேறு

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், நூறு சென்ட். விலை சொல்வது எடைக்கு. மோதிரத்தில் கண்ணுக்குத் தெரிவதோ கல்லின் முகம் மட்டுமே.

உதாரணத்துக்கு இரண்டு சதுரக் கற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 5.5 மில்லிமீட்டர் பக்கமும் 3.9 மில்லிமீட்டர் ஆழமும் உள்ளது. மற்றொன்று 5.2 மில்லிமீட்டர் பக்கமும் 4.35 மில்லிமீட்டர் ஆழமும் உள்ளது. இரண்டுமே எடையில் ஒரு காரட்டை நெருங்கியவை. ஆனால் இரண்டாவது கல்லின் முகப்பரப்பு பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த எடை மோதிரத்துக்குள் மறைந்து கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சான்றிதழில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். ஆழத்தை அகலத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். மேலே சொன்ன முதல் கல்லுக்கு 71, இரண்டாவதற்கு 84. எழுபதை ஒட்டி இருப்பது நல்லது. எண்பதைத் தாண்டினால் வேறு கல் கேட்கலாம். நீளமும் அகலமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும்.

அரைக் காரட் போதும் என்பவர்கள் 4.4 மில்லிமீட்டர் பக்கத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வட்ட வைரத்துக்குச் சான்றிதழில் வெட்டின் தரம் தனியாக எழுதப்படுகிறது. சதுர வைரத்தின் சான்றிதழ்கள் பலவற்றில் அப்படி ஒரு வரி இராது. ஆகவே அளவைப் பார்ப்பதோடு, கல்லைக் கடை விளக்கடியில் மட்டும் பார்க்காமல் வாசல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். நடுவில் இருட்டாகவோ கண்ணாடித் துண்டு போலவோ தெரிந்தால் வேண்டாம்.

நான்கு மூலைகள்

சதுர வைரத்தின் அழகே கூரான நான்கு மூலைகள்தான். அதன் பலவீனமும் அங்கேதான். வைரத்தைக் கீற வைரமே வேண்டும். ஆனால் அதற்குப் பிளவுபடும் திசைகள் உண்டு. மெல்லிய மூலை குழாயிலோ கிரானைட் மேடையிலோ வேகமாக மோதினால் சில்லு பெயரலாம்.

கல்லில் தோஷம் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறது. காக்கையின் காலடி போன்ற குறி, கறை, புள்ளி, கோடு ஆகியவை இல்லாத வைரத்தையே அங்கு நல்ல வைரமாகச் சொல்லியிருக்கிறது. பிரின்சஸ் கட் வாங்குவோர் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முதலில் நான்கு மூலைகளைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அழகு கொஞ்சம் குறையும். மூலையில் கீறல் இருந்தால் கல்லே உடையக்கூடும்.

மோதிரத்தில் கல்லைப் பதிக்கும் முறையும் முக்கியம். மூலைகளைக் கவ்வும் தங்கப் பிடிகள் ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடங்கி, முனையை மூடியிருக்க வேண்டும். தினமும் பாத்திரம் துலக்கி, துணி துவைக்கும் கைக்கு நாலாபுறமும் தங்க விளிம்பு கட்டிய மோதிரம் இன்னும் பத்திரமானது. ரெடிமேட் மோதிரமானால் பிடிக்கு அடியில் மூலை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது கடினம். கல்லைத் தனியாகப் பார்த்துவிட்டுப் பதிக்கச் சொல்வது மேல்.

நிறமும் பழைய பேச்சும்

பழைய தலைமுறையில் வைரம் என்றால் 'புளூ ஜாகர்'தான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டெய்ன் சுரங்கத்தில் கிடைத்த நீலம் கலந்த வெண்மைக் கற்களால் வந்த பெயர் அது. இன்றும் கடைகளில் அந்தச் சொல் அடிபடுகிறது. ஆனால் சான்றிதழில் அப்படியொரு தரம் கிடையாது. 1931-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் முறைப்படி, நிறம் 'டி' எழுத்தில் தொடங்கி 'இசட்' வரை போகிறது. 'டி' என்றால் நிறமே இல்லை. போகப்போக மஞ்சள் சாயல் கூடும். சதுரக் கல்லில் அந்தச் சாயல் மூலைகளில் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் 'எச்', 'ஐ' நிறமே போதுமானது. வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஒரு படி மேலே போகலாம்.

இரண்டு காகிதங்கள்

ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். 2021 ஜூன் 16-ந் தேதி முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட இந்த முறையில், 18 காரட் மோதிரத்தில் 750 என்ற எண்ணும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்கும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். பல கற்களின் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். கடையில் உருப்பெருக்கிக் கருவி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரம் பெருகிவிட்ட இந்நாளில் இது இன்னும் அவசியம். அதற்கான ஆராய்ச்சிக்கு 2023-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு மானியம் அறிவித்தது. அதுவும் உண்மையான வைரமே, போலி அல்ல. ஆனால் விலை பல மடங்கு குறைவு. திரும்ப விற்றாலும் குறைவுதான். கடைக்காரர் கையிலுள்ள சாதாரண வைர டெஸ்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். அந்தக் கல்லை அதற்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை. சுரங்க வைரத்தின் விலை கொடுத்து அதை வாங்கினால்தான் ஏமாற்றம்.

ஆகவே ரசீதில் கல் இயற்கையானதா, வளர்க்கப்பட்டதா என்று எழுதி வாங்க வேண்டும். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, செய்கூலி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையும் எழுத்தில் இருப்பது நல்லது.

கஷ்ட காலத்தில் கை கொடுக்கும் என்றே நம் வீடுகளில் வைரம் வாங்கி வைத்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், மோதிரத்தோடு சான்றிதழும் ரசீதும் வேண்டியிருக்கும். அவற்றை மோதிரப் பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆசாரியிடம் கொடுத்து நான்கு பிடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.