மான்களைப் படம் பிடிக்கும் கேமரா: கடிகாரத்தைச் சரி பார்த்தீர்களா?

டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் பதிவாகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த நேரம் தவறாக இருந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு மணி நேரத் தவறு உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதை நான் அமெரிக்காவில் ஒரு மான் கூட்டத்திடம் கற்றுக் கொண்டேன்.

பிராஜக்ட் வேலையாக பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே தங்கியிருந்தேன். 2023 அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, என் காருக்கு முன்னால் ஒரு ஆண் மான் பாய்ந்தது. பிரேக்கை மிதித்ததில் ஒரு முழ தூரத்தில் தப்பித்தோம், நானும் மானும். இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, இது மான்கள் இணை சேரும் பருவம், இப்போது அவை சாலையைப் பார்ப்பதில்லை என்றார். அவருடைய மகளும் அதே சாலையில்தான் தினமும் மாலையில் வீடு திரும்புகிறார். எனவே மான்கள் எந்த நேரத்தில் நடமாடுகின்றன என்று அறிய, வீட்டுக்குப் பின்னால் இருந்த தன் காட்டில் இரண்டு கேமராக்களைக் கட்டி வைத்திருந்தார். புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். படங்களை என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. என்னை அழைத்தார்.

மான்களின் நோட்டீஸ் போர்டு

வட அமெரிக்காவின் வெள்ளை வால் மான்களில், ஆண் மான் தாழ்வாகத் தொங்கும் ஒரு கிளைக்குக் கீழே உள்ள சருகுகளைக் காலால் கீறி, வெறும் மண் தெரியும்படி செய்திடும். இதனை ஸ்க்ரேப் என்கின்றனர். மேலே உள்ள கிளையை முகர்ந்து, நக்கி, நெற்றியிலும் கண் அருகிலும் உள்ள சுரப்பிகளின் வாசனையை அதில் தடவும். பின்னங்கால்களைச் சேர்த்து வைத்து, கால் சுரப்பிகளின் வழியே சிறுநீரை மண்ணில் விடும். அடுத்து வரும் மான் இதனை முகர்ந்து, வந்து போனது யார் என அறிந்து கொள்ளும்.

ஒரு ஸ்க்ரேப் ஒரு மானுக்கே சொந்தம் என்று பெரியவர் நினைத்திருந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தானியங்கி வீடியோ கேமராக்களை வைத்துச் செய்து 2001ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஒரே ஸ்க்ரேப்பைப் பல ஆண் மான்கள் பயன்படுத்துகின்றன. அதுவும் பெரும்பாலும் இரவில். எங்கள் படங்களிலும், கொம்புகளை வைத்து அடையாளம் பார்த்ததில், ஏழு ஆண் மான்கள் இருந்தன.

கேமரா எப்படி வேலை செய்கிறது?

இந்த டிரெயில் கேமராவில் உள்ள இன்ஃப்ரா ரெட் சென்சார், சுற்றுப்புறத்தின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஒன்று நகர்ந்தால் கேமராவை இயக்குகிறது. வெயில் பட்டுச் சூடான இலை அசைந்தாலும் இயங்கும் என்பதால் வெற்றுப் படங்களும் நிறையக் கிடைக்கும். இரவில் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரியும். படம் கறுப்பு வெள்ளையில் பதிவாகும். எல்லாம் எஸ்.டி. கார்டில் சேரும்.

கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

1. ஒவ்வொரு கேமராவிற்கும் தனி போல்டர் உருவாக்கவும். இரண்டு கேமராக்களும் பைல்களுக்கு ஒரே மாதிரி பெயர்களையே தருகின்றன. ஒரே போல்டரில் போட்டால், பழைய பைலின் மீது புதியதை எழுதவா என்று விண்டோஸ் கேட்கும். பெரியவர் "சரி" என்று கிளிக் செய்துவிட்டார். முதல் கேமராவின் படங்கள் பாதி போயின!

2. கட் செய்யாமல் காப்பி செய்திடவும். அவர் காப்பி செய்திருந்ததால் படங்கள் கார்டில் அப்படியே இருந்தன. மீண்டும் எடுத்துக் கொண்டோம்.

3. படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னர், கார்டைக் கேமராவில் வைத்து அங்கேயே பார்மட் செய்திடவும்.

4. பைல் எக்ஸ்புளோரரில் டீடெய்ல்ஸ் வியூ தேர்ந்தெடுத்து, தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, "டேட் டேக்கன்" என்பதனைச் சேர்க்கவும். அதன் மீது கிளிக் செய்தால் படங்கள் எடுக்கப்பட்ட வரிசையில் அமையும்.

எங்கே போனது ஒரு மணி நேரம்?

இந்த நேரங்களை எக்ஸெல் தொகுப்பில் எழுதியபோது ஒரு புதிர் வந்தது. இடது கொம்பில் ஒரு கிளை ஒடிந்த ஆண் மான், நவம்பர் 8ல் முதல் கேமராவில் மாலை 5.40க்கும், 150 மீட்டர் தள்ளி சாலை ஓரமாக இருந்த இரண்டாவது கேமராவில் 6.47க்கும் பதிவாகியிருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க மானுக்கு ஒரு மணி நேரமா?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், நவம்பர் முதல் ஞாயிறு அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். 2023ல் அது நவம்பர் 5. பேட்டரி மாற்றும்போது பெரியவர் முதல் கேமராவின் நேரத்தை மாற்றியிருந்தார். இரண்டாவதை மறந்துவிட்டார். உண்மையில் மான் சாலை ஓரம் வந்தது 5.47க்கு!

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். நவம்பர் 4 அன்று சூரியன் மறைந்தது சுமார் 6.15க்கு, மறுநாள் சுமார் 5.15க்கு. நான் வீடு திரும்பும் நேரம் ஒரே நாளில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது கேமராவை நம்பியிருந்தால், 6.45க்குத்தானே மான் வரும் என்று 5.45க்கு நிம்மதியாக ஓட்டியிருப்பேன். பெரியவரின் மகளும் அப்படித்தான். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த நேர மாற்றத்தை அடுத்த வாரத்தில் மான்களும் வாகனங்களும் மோதும் விபத்துகள் 16 சதவீதம் உயர்கின்றன.

எக்ஸிப்டூல் என்ற இலவச புரோகிராம் கொண்டு, நேர மாற்றத்திற்குப் பின்னர் எடுத்த படங்களை மட்டும் தனியே பிரித்து, ஒரு மணி நேரம் குறைத்தோம். ஒரே கட்டளையில் மொத்த போல்டரும் மாறிவிடும். மாறாத பைலின் நகலையும் இது தனியே வைத்திடும்.

நவம்பர் நடுவில் ஸ்க்ரேப்பிற்கு மான்கள் வருவது குறைந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றார் பெரியவர். இல்லை, அப்போது ஆண் மான்கள் பெண் மான்களின் பின்னாலேயே சுற்றுவதால், கீறிய இடங்களுக்கு வர அவற்றிற்கு நேரமில்லை. கேமராவில் மான் இல்லை என்றால் சாலையில் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த மாதம் முழுவதும் நான் 4.30க்கே அலுவலகத்தை விட்டுக் கிளம்பினேன். பெரியவரின் மகள் வேறு சாலையில் சுற்றிக் கொண்டு வந்தார்.

உங்கள் கேமராவை இப்போதே எடுத்து அதன் நேரத்தைச் சரி பாருங்கள். பேட்டரி மாற்றும் போதெல்லாம், ஓடுகின்ற ஒரு கடிகாரத்தை முதலில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். பின்னர் நேரத்தில் சந்தேகம் வந்தால், எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்த ஒரு படமே காட்டிவிடும்.