வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த ராக்கெட்

டெக்சாசில் வேலிக் கம்பத்தில் ஊதா நிறப் பூச்சைக் கண்டால் அத்தோடு நின்றுவிட வேண்டும். இடுப்பு உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் செங்குத்தாக இழுத்த கோடு. 'அத்துமீறி நுழையாதே' என்று பலகை எழுதி மாட்டியதற்குச் சமம் அது என்கிறது அந்த மாநிலத்துச் சட்டம். அங்கே குடியேறிப் பல வருடம் கழித்து, மகனின் ராக்கெட் அப்படியொரு வேலியைத் தாண்டிப் போய் இறங்கிய அன்றுதான் எனக்கு இது தெரிந்தது.

தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அட்டைக் குழல், பிளைவுட் துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட். ஆள் தோள் உயரம். அமெரிக்காவில் இதை 'மிட் பவர்' என்பார்கள். மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துதான் பெயர். ஒவ்வொரு எழுத்து ஏறும்போதும், மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்த உந்துதலின் உச்ச அளவு இரட்டிப்பாகும். பள்ளிப் பிள்ளைகள் விடுவது ஏ, பி, சி. நடுத்தரம் ஈ, எஃப், ஜி. எச் முதல் 'ஹை பவர்'. அதை வாங்கவே ராக்கெட் ஆர்வலர் சங்கம் ஒன்றின் சான்றிதழ் வேண்டும். நடுத்தரத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. பணம் கொடுத்தால் பெட்டி கைக்கு வந்துவிடும். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான்.

மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி இங்கே தாராளமானது. ராக்கெட் மோட்டாரோடு சேர்த்து 1,500 கிராமுக்கு மேல் போகாமல், உள்ளே 125 கிராமுக்கு மேல் எரிபொருள் இல்லாமல், காகிதம், மரம், நொறுங்கும் பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்ததாக, குறிப்பிடத்தக்க உலோகப் பாகம் இல்லாததாக இருந்தால் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆளுக்கோ, உடைமைக்கோ, விமானத்துக்கோ ஆபத்து விளைவிக்காதபடிதான் ஏவ வேண்டும் என்ற நிபந்தனை எல்லா எடைக்கும் உண்டு. எடை குறைவாக இருந்தது என்பது பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடிக்குப் பதிலாகாது. அது போக மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் தீயணைப்பு விதிகள் வேறு. பூங்காவில் ஏவலாமா, புல் காய்ந்த மாதங்களில் தீத்தடை உத்தரவு இருக்கிறதா என்பதை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில்தான் கேட்க வேண்டும். டெக்சாஸ் கோடையில் நான் முதலில் பார்ப்பது காற்றை அல்ல, அந்த உத்தரவைத்தான்.

இந்தத் தாராளம் சும்மா வரவில்லை. 1957-இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கப் பையன்கள் வீட்டிலேயே மருந்து கலந்து குழாயில் அடைத்தார்கள்; கை, கண் போனவர்கள் உண்டு. நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், அதற்கு முன்பே, ஆலையில் செய்த மோட்டாரை மாற்றிப்போட்டுத் திரும்பத் திரும்பப் பறக்கவிடும் காகித ராக்கெட்டைச் செய்து வைத்திருந்தார். ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அவரோடு சேர்ந்து இதை ஒரு பொழுதுபோக்காக்கினார். உடம்பை நீ செய்துகொள், மோட்டாரைத் தொடாதே: இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்கின் பாதுகாப்பு விதிகள் நிற்பது இந்த ஒற்றை ஒப்பந்தத்தின் மேல்தான்.

பிற்பாடு பெரிய மோட்டார்களில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் கலவையை வெடிபொருள் பட்டியலில் வைத்து, வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் கேட்டது மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். ராக்கெட் ஆர்வலர்களின் சங்கங்களான என்.ஏ.ஆர்., ட்ரிப்போலி இரண்டும் 2000-இல் வழக்குப் போட்டன. அந்தக் கலவை எரிகிறதே தவிர வெடிப்பதில்லை என்பது வாதம். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் விளக்கம் போதாது என்றது. 2009 மார்ச்சில் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. உறுப்பினர்கள் கைக்காசு போட்டு நடத்திய வழக்கு. சங்கத்தில் சேர ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இனி எங்கள் கதை. வாங்கிய கிட் 900 கிராம். போன தடவை தரையில் மோதி ஒரு துடுப்பு உடைந்ததால், மகன் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை எடுத்துவிட்டு 6 மில்லிமீட்டர் போட்டான். இடுக்கெல்லாம் எபாக்சி பூசினான். வால் கனத்தது. வால் கனத்தால் ராக்கெட்டின் எடை மையம் பின்னால் போகும். அது காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது குழலின் ஒரு விட்ட அளவு தள்ளி இருந்தால்தான் நேராகப் பறக்கும். ஆகவே மூக்குக்குள் களிமண்ணை அடைத்தான். சரியான வைத்தியம்தான். ஆனால் எடை ஒன்றேகால் கிலோ ஆகிவிட்டது.

நாங்கள் கோட்டை விட்டது தாமதத்தில். மோட்டாரின் மேல் ஜி80-10 என்று அச்சிட்டிருந்தது. 'ஜி' அதன் வகை, 80 சராசரி உந்துவிசை நியூட்டனில், 10 என்பது எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் மருந்து பற்ற ஆகும் விநாடிகள். 900 கிராமுக்குப் பொருந்திய அந்த எண், கனத்த ராக்கெட்டுக்குப் பொருந்தாது. மோட்டார் எரிந்து முடிந்த பிறகு அது ஏழு விநாடி போல ஏறி உச்சியில் நின்றது. கவிழ்ந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். எட்டு, ஒன்பது... பத்தில் 'பட்' என்ற சத்தம் வந்தபோது அது மணிக்கு நூறு கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் தலைகீழாக வந்துகொண்டிருந்தது. பாராசூட் விரிந்த இழுப்பில் கயிறு குழலின் விளிம்பைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு ஒரு முழம் இறங்கியது. ராக்கெட்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஜிப்பர்'. கிழிந்த குழலோடு பாராசூட் காற்றில் மிதந்து ஊதாக் கம்பங்களைத் தாண்டியது.

அதே மோட்டார் ஏழு விநாடித் தாமதத்திலும் கிடைக்கிறது. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் புதிய எடையைக் கொடுத்திருந்தால் அது சொல்லியிருக்கும். எதையாவது மாற்றினால் தராசில் வைத்து, திரும்பக் கணக்குப் போடுங்கள். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். தாமதத்தைக் குறைக்கிறேன் என்று, அதற்கென்று செய்யப்படாத மோட்டாரைக் குடையாதீர்கள். குடைந்த மோட்டாரால் விபத்து நேர்ந்தால், சங்கம் உறுப்பினருக்குத் தரும் காப்பீட்டை நம்பிப் பயனில்லை. அது பாதுகாப்பு விதிப்படி ஏவியவருக்குத்தான்.

ஏவுதளத்தில் பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் உடனே ஓடாதீர்கள். சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, 60 விநாடி நின்று போங்கள். இந்த வகை மோட்டாருக்கு 9 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். மைதானத்தின் சிறிய பக்கமே 300 மீட்டர் இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளி மைதானங்கள் இதிலேயே அடிபட்டுப் போகும். மோட்டார் வெடித்துவிட்டால் ஓட்டைத் தூக்கி எறியாமல், அதில் அச்சிட்ட தேதிக் குறியீட்டோடு படம் எடுத்து உற்பத்தியாளருக்கும் என்.ஏ.ஆருக்கும் தெரிவியுங்கள். புது மோட்டார் அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். யாருடைய பொருளாவது சேதமானால் அங்கேயே பெயர், எண் கொடுத்து, அன்றைக்கே சங்கத்துக்கும் காப்பீட்டுக்கும் எழுதிவிடுங்கள். மின்கம்பியில் தொங்கினால் ராக்கெட்டை மறந்துவிட்டு மின்நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். நீளக் கழி எடுத்துவர நினைக்கும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்து வையுங்கள்.

ஊருக்கு வரும்போது தம்பி பிள்ளைகளுக்கு இரண்டு மோட்டார் பெட்டியில் போட்டு வரலாமே என்றும் தோன்றும். கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. விமானத்தில் அதற்கு இடமே இல்லை.

அன்று மகன் வேலியில் கால் வைத்துவிட்டான். "எறங்குடா" என்றேன். ராக்கெட் நம்முடையதுதான், அது கிடக்கும் புல் நம்முடையது இல்லையே. இருவரும் ஐம்பது அடி தள்ளித் தள்ளி நின்று, அது இறங்கிய திசையைக் காம்பஸில் குறித்தோம். இரண்டு கோடும் வெட்டும் இடம் ஒரு ஓக் மரத்துப் பக்கம் என்று தெரிந்தது. சாலை வழியாகச் சுற்றி வாசலுக்குப் போனோம். ஆள் இல்லை. தபால் பெட்டியில் வெளியார் எதையும் போடக் கூடாது என்பதால், கேட்டில் ஒரு சீட்டைச் செருகி வைத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மாலை ஒரு பெரியவர் அழைத்தார். சீட்டை அவர் பார்க்கவே இல்லையாம். மாடு சுற்றி நின்று எதையோ முகர்ந்ததைப் பார்த்துப் போயிருக்கிறார். குழலில் எழுதியிருந்த போன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தைக் கிழிசல் தின்றுவிட்டது. மூக்குக் கூம்பின் உட்புறத்தில் மகன் விளையாட்டாக எழுதியிருந்த எண்தான் அவருக்குக் கிடைத்தது. இப்போது மூக்கு, குழலின் இரு முனை, பாராசூட் ஓரம் என்று நான்கு இடத்தில் எழுதுகிறோம்.