உங்களுக்குத் தெரியுமா? செல்போன் பில்லில் ஏறும் சில்லறைச் செலவு

வீடுகளுக்கு இணையம் வருமுன்பே பிரெஞ்சு மக்கள் போன் பில் வழியாகப் பணம் கட்டிப் பழகியிருந்தார்கள். மினிடெல் என்ற சிறு திரைப் பெட்டியை அந்நாட்டுத் தொலைபேசித் துறையே இலவசமாகக் கொடுத்தது. 1984-இல் வந்த 'கியோஸ்க்' முறைப்படி, செய்தி பார்த்தாலும் ஜோசியம் பார்த்தாலும், பார்த்த நேரத்துக்கான கட்டணம் போன் பில்லில் ஏறும். அதில் ஒரு பங்கு சேவை நடத்துபவருக்குப் போகும். 2012 ஜூன் 30 வரை மினிடெல் ஓடியது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1997-லேயே எஸ்.எம்.எஸ். வழியாகப் பணம் கட்டி, இயந்திரத்திலிருந்து கோகோ கோலா எடுத்தார்கள்.

ஜப்பானில் டோகோமோ செல்போன் நிறுவனம் 1999 பிப்ரவரியில் ஐ-மோட் என்ற மொபைல் இணையச் சேவையைத் தொடங்கியது. சின்னச் சின்னத் தளங்களின் மாதச் சந்தாவைத் தன் பில்லிலேயே வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு 91 சதவீதத்தைத் தளம் நடத்துபவருக்கே கொடுத்தது. நம் நாட்டிலோ காலர் ட்யூன் வசூலில் பெரும்பங்கு செல்போன் நிறுவனத்துக்கே போனது. பாட்டை உருவாக்கியவர்களுக்கு அது அநியாயம்தான்.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம். அமெரிக்காவில் 'ஹைட்டி' என்ற ஒரே சொல்லை 90999-க்கு அனுப்பினால் போதும், 10 டாலர் நன்கொடை போன் பில்லில் சேர்ந்துவிடும். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இப்படியே 3 கோடி டாலருக்கு மேல் திரண்டது. கார்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால், எத்தனையோ பேர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பார்கள்.

இப்படிப் போன் பில்லில் வாங்கும்போது கார்டு எண்ணும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அப்படியானால் வாங்குவது யார் என்று எப்படித் தெரிகிறது? மொபைல் டேட்டாவில் இருக்கும்போது உங்கள் எண் செல்போன் நிறுவனத்துக்குத் தெரியும். அதனுடன் ஒப்பந்தம் உள்ள தளத்துக்குள் நுழைந்ததும், அந்த அடையாளத்தை நிறுவனமே சேர்த்து அனுப்பிவிடும். ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. வைஃபையில் இது நடக்காது. எண்ணைக் கேட்டு ஓ.டி.பி. அனுப்புவார்கள். திருட்டுச் செயலிகள் கை வைப்பது சரியாக இந்த ஒரு பட்டன் வசதியில்தான். வைஃபையை அணைத்து, போனை டேட்டாவுக்கு மாற்றி, உங்கள் கண்ணில் படாமல் சந்தா பட்டனைத் தாமே அழுத்தும். ஓ.டி.பி. வந்தால் அதையும் படித்துக்கொள்ளும். 'ஜோக்கர்' என்று பேர் வாங்கிய கூட்டத்தின் 1,700 செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியதாகக் கூகுள் 2020 ஜனவரியில் தெரிவித்தது.

திருட்டுச் செயலி இல்லாமலும் பணம் போனதுண்டு. ராசிபலன், காதல் டிப்ஸ் என்று கேட்காத எஸ்.எம்.எஸ்.களுக்கு அமெரிக்கர்களின் பில்லில் மாதம் 9.99 டாலர் ஏறிக்கொண்டிருந்தது. பல பக்க பில்லில் ஒரு வரியை யார் தேடிப் பார்ப்பார்கள்? செல்போன் நிறுவனமான ஏ.டி.&டி. 10.5 கோடி டாலர் கொடுத்து 2014-இல் இது தொடர்பான வழக்கை முடித்தது. டி-மொபைல், வெரைசான், ஸ்பிரின்ட் ஆகியவையும் அடுத்தடுத்துப் பணம் கட்டின.

நம்மில் பெரும்பாலோர் ப்ரீபெய்டு; பில்லே கிடையாது, பேலன்ஸிலேயே கழித்துவிடுவார்கள். 30 ரூபாய் போனாலும், அந்த மாத ரீசார்ஜுக்கே கணக்குப் பார்ப்பவருக்கு அது பெரிய அடி. அதனால்தான் 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கண்டிப்பாகச் சொன்னது: வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதிக்க வேண்டும்; இரண்டாவது சம்மதத்தை, சேவையை விற்பவரை நம்பி விடாமல், செல்போன் நிறுவனமே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வேண்டாத சேவையை நிறுத்த எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொண்டுவந்தார்கள்.